பூத்திருடன் வசிக்கும் இடம்

ஜூன் 2, திங்கள்

நேற்று மாலை ஆறு மணிக்கு என் அடுக்குச் செம்பருத்திச் செடியில், மறுநாள் மலர வேண்டிய மொட்டுகள் பதினான்கு இருந்தன. இன்று காலை நடை முடித்து ஆறேகாலுக்குத் திரும்பியபோது இருந்தவை மூன்று. காற்று உதிர்த்திருந்தால் பூ தரையில் கிடக்கும். ஆடு தின்றிருந்தால் இலையும் போயிருக்கும். காம்புகள் நகத்தால் கிள்ளப்பட்டிருந்தன. ஆகவே மனிதர்.

பூ காணாமல் போவது இது முதல் தடவை அல்ல. நான் எண்ணி வைத்த பிறகு போனது முதல் தடவை. இன்று முதல் தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன்.

பின்னால் இந்த நோட்டைப் போலீசாரோ நீதிமன்றமோ படிக்க நேர்ந்தால், அவர்களுக்காகச் சில விவரங்கள். என் பெயர் மங்கையர்க்கரசி. வயது எழுபத்து மூன்று. பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தவள். பூகோளத்தில் மூன்று வருடம் தொடர்ந்து முதல் பரிசு. என் கணவர் பொதுப்பணித் துறையில் கால்வாய்ப் பிரிவுப் பொறியாளராக இருந்தார். காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் குடியிருப்பின் நடுவே கிழமேற்காகக் கால்வாய் ஓடுகிறது. தென்கரையில் பதினொரு வீடு, வடகரையில் பதினொரு வீடு. இரண்டையும் இணைக்க நடுவில் ஒரே ஒரு மதகுப் பாலம். என் வீடு தென்கரை நான்காம் எண். மாடியில் குடியிருக்கும் பியூலா கல்லூரியில் குற்றவியல் பாடம் நடத்துகிறாள். வாடகை ஒழுங்காக வரும். செருப்பை மட்டும் நேராக விட மாட்டாள்.

என் தோட்டத்தில் செம்பருத்தியைத் தவிர வேறு பூச்செடி கிடையாது. ஒன்று வைத்தாலும் ஒழுங்காக வைக்க வேண்டும் என்பது என் கொள்கை.

இன்று பூசைக்கு: செம்பருத்தி மூன்று, நந்தியாவட்டை எட்டு, சங்குப்பூ ஒரு கை, செவ்வரளி நான்கு. அலங்காரம் நன்றாக அமைந்தது.

ஜூன் 3, செவ்வாய்

பக்கத்து ஐந்தாம் எண் ஆவுடையம்மாள் வந்து, தன் வீட்டு நந்தியாவட்டையும் தினமும் குறைவதாக அழாத குறையாகச் சொன்னாள். இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். நந்தியாவட்டை தானாகவே உதிரக்கூடிய பூ. அதை எல்லாம் திருட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது. இதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

சங்கச் செயலாளர் சுடலைமுத்து புகாரை விசாரிக்க வந்தார். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். வயது அறுபத்தொன்பது; முதுகு இன்னும் நேராக நிற்கிறது. என்னை ‘மேடம்’ என்று அழைக்கிறார். நான் அதைத் திருத்தவில்லை. காபியைப் புது டவரா டம்ளரில் கொடுத்தேன், பழையது கழுவப்படாமல் இருந்ததால்.

மொத்தம் பத்து வீடுகளில் பூ போகிறதாம். நாளைக் காலையில் தானே ரோந்து வருவதாகச் சொன்னார்.

ஜூன் 6, வெள்ளி

ரோந்து வந்தார். அவர் பார்வையில் யாரும் சிக்கவில்லை. அவர் போய்வந்த தெருக்களில்தான் இன்று அதிகம் பூ போயிருக்கிறது. திருடன் அவருக்குப் பின்னாலேயே நடந்திருக்க வேண்டும், துணிச்சலைப் பாருங்கள். செயலாளரின் சட்டைப் பை எருக்கம்பூவால் புடைத்திருந்தது. பிள்ளையாருக்காம். பக்தியுள்ள மனிதர்.

ஜூன் 7, சனி

பியூலாவிடம் கேட்டேன், இதற்கெல்லாம் உங்கள் படிப்பில் வழி இல்லையா என்று. இருக்கிறதாம். ஒரே ஆள் பல இடங்களில் குற்றம் செய்தால், அந்த இடங்களை வரைபடத்தில் புள்ளியாக வைத்து, அவன் வசிக்கும் இடத்தைக் கணக்குப் போடலாமாம். குற்றவாளி தன் வாசலிலேயே கை வைக்க மாட்டான், அடையாளம் தெரிந்துவிடும். வெகுதூரமும் போக மாட்டான், சோம்பல். இந்த இரண்டுக்கும் நடுவே கணினி கணக்கிட்டு, அவன் இருக்கக்கூடிய இடத்தைச் சிவப்பாகக் காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பூகோளம் கடைசியில் எதற்காவது பயன்படுகிறதே.

ஜூன் 8, ஞாயிறு

இருபத்திரண்டு வீட்டுக்கும் போனேன். வீட்டு எண், பூவின் பெயர், எத்தனை, எந்த நாள், எந்த நேரம், மதில் எத்தனை அடி, நாய் உண்டா. ‘ஒரு பத்து இருக்கும்’ என்று சொன்னவர்களை மறுபடி யோசித்துச் சொல்லச் சொன்னேன். பதினேழாம் எண்காரர் தன் பவழமல்லி எத்தனை போயிற்று என்று தெரியாது என்றார். தெரியாததற்குப் புகார் கொடுக்கலாமா என்று கேட்டதற்குக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பூ போகாத வீடு ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் திருடனைப் பிடித்தே ஆக வேண்டும் என்று ஆத்திரம். ‘உங்க வீட்டுப் பூசைக்கு எங்கேயிருந்து பூ?’ என்று ஒரு கேள்வியைப் பியூலா சேர்க்கச் சொன்னாள். அது நாகரிகம் அல்ல என்று அடித்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று கால்வாயில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். இதுவரை வீட்டுக்குப் பின்னால் இறங்கி, காய்ந்த கால்வாய்க்குள் நடந்து மூன்று நிமிடத்தில் வடகரை சேர்ந்துவிடுவேன். இனி முடியாது. நடைப்பாதையை மேற்குத் தெருப் பக்கம் மாற்றிக்கொண்டேன்.

மாலையில் பியூலா படத்தை அச்சிட்டுக் கொண்டுவந்தாள். பச்சை, மஞ்சள், நடுவில் சிவப்பு. சிவப்பு விழுந்திருப்பது சரியாக மதகுப் பாலத்தின் மேல்.

பாலத்தில் வீடு எதுவும் இல்லை. அங்கே இருப்பது ஒரே ஒருத்தி. அதிகாலை நாலரைக்கே சாக்கை விரித்து உட்கார்ந்து பூக்கட்டி விற்கும் பேச்சித்தாய்.

பியூலா, இது ஆரம்பக் கணக்குதான், இதை யாரிடமும் காட்ட வேண்டாம் என்றாள். செயலாளர் அந்த நேரம் தற்செயலாக வந்திருந்தார். படத்தை அவரிடம் காட்டினேன். என் உழைப்பில் வந்த படம் அல்லவா.

“இதுல யோசிக்க என்ன இருக்கு மேடம்? பூ காணோம், பூக்காரி நடுவுல உக்காந்திருக்கா. கம்ப்யூட்டரே சொல்லிட்டு.”

இருபத்திரண்டாம் தேதி சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு அவளை அந்த இடத்திலிருந்து எழுப்பிவிடுவது என்று சொல்லிவிட்டுப் போனார். முறுக்கு வைத்தேன். நான்கு சாப்பிட்டார்.

ஜூன் 11, புதன்

முழங்கால் வலி. நடைக்குப் போகவில்லை. பூசைக்குச் செம்பருத்தி மட்டும்.

ஜூன் 12, வியாழன்

இன்றும் வலி. இன்றும் செம்பருத்தி மட்டும். சுவாமி படங்கள் வெறிச்சென்று இருக்கின்றன.

இரண்டு நாளாக மேற்குத் தெருவில் ஒரு பூவும் போகவில்லையாம். படத்தைப் பற்றித் தெரிந்து திருடி பயந்துவிட்டாள் என்கிறார் செயலாளர்.

ஜூன் 13, வெள்ளி

முழங்கால் தேவலை. நடை. மேற்குத் தெருவில் திருட்டு மறுபடியும் ஆரம்பித்துவிட்டதாக ஆவுடையம்மாள் சொன்னாள்.

பத்து மணிக்குப் பேச்சித்தாய் வந்தாள். வாசற்படிக்குக் கீழேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மூன்று நாளாக யாரும் அவளிடம் பூ வாங்குவதில்லை என்றும், பாலத்தைக் கடக்கிறவர்கள் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றும் சொன்னாள். பதினெட்டு வருடமாக அதே இடத்தில் உட்காருகிறவள்.

“ஆச்சி, படிச்சவுக நீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கேன். எங்கூடையில என்ன இருக்கு? மல்லி, பிச்சி, கேந்தி. செம்பருத்திய எவ தலையில வைப்பா? நந்தியாவட்டைய முழம் போட்டு எவ வாங்குவா? விக்காத பூவ நான் எதுக்கு ஆச்சி களவாங்கணும்?”

பள்ளியில் சிஸ்டர் பெர்னதெத் கரும்பலகை முன்னால் கேள்வி கேட்டு நிற்க வைத்தபோதுதான் நான் இப்படி விழித்திருக்கிறேன். அதுவும் ஒரே ஒரு முறை. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

களவு போனவற்றின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, சங்குப்பூ, பவழமல்லி, எருக்கு. மல்லி ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் ஒன்பதாம் எண் வீட்டு மல்லிப் பந்தல் தெருவிலேயே தொங்குகிறது.

இதை நான் எட்டாம் தேதியே கவனித்திருக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

இரவெல்லாம் யோசித்ததில் இன்னொரு பிழையும் புலப்பட்டது. இரண்டு கரையிலும் சமமாக வீடுகள் இருந்து, எல்லா வீட்டிலும் பூ போனால், கணக்கின் நடு எங்கே விழும்? நடுவில்தான். அங்கே பேச்சித்தாய்க்குப் பதில் பிஷப் ஆண்டவரே உட்கார்ந்திருந்தாலும் சிவப்பு அவர் மேல்தான் விழுந்திருக்கும்.

பியூலாவிடம் சொன்னேன். “ஆன்ட்டி, அதான் நான் யார்ட்டயும் காட்டாதீங்கன்னு சொன்னேன்” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

கணினிக்கு எங்கள் ஊர் வெறும் தாளாம். காக்கை பறக்கிற மாதிரி நேர்கோட்டில் தூரத்தை அளக்கிறது. கால்வாய் இருப்பது அதற்குத் தெரியாது. மேடு, பள்ளம், மதில், நாய், முள்வேலி, எந்தச் செடி எப்போது பூக்கும் என்பது எதுவும் தெரியாது. நிலத்தின் விவரங்களையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு திருந்தும் என்று இப்போது ஆராய்ச்சி செய்கிறார்களாம்.

என் கணவருடைய இரும்புப் பெட்டியிலிருந்து கால்வாய்ப் பிரிவுப் படத்தை எடுத்து மேசையில் விரித்தேன். கரையின் உயரம், சரிவு, மதகு, படித்துறை, எல்லாம் அடிக்கணக்கில். பியூலா இருந்த இடத்திலேயே எழுந்து நின்றுவிட்டாள்.

கூட்டத்துக்கு எட்டு நாள் இருக்கிறது. அதற்குள் சரியான படம் வேண்டும். தவறான படத்தை வெளியே விட்டது என் கை. அதை நம்பி ஒருத்தியின் பிழைப்பைப் பறிக்க விட முடியாது.

ஜூன் 15, ஞாயிறு

மதில்களைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று அளக்க வேண்டியிருந்தது. எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது. பியூலா கல்லூரி ஆசிரியை, மதில் ஏறினால் நன்றாக இராது. செயலாளரைக் கேட்டேன். நீங்கள் சொன்னால் ஏறுகிறேன் மேடம் என்றார். அரைக்கால் சட்டை அணிந்து வந்தார். அதைப் பற்றி நான் எந்தக் கருத்தும் சொல்லவில்லை.

நான் கடிகாரத்தோடு நின்றேன். மூன்றாம் எண் மதில்: நாற்பது விநாடி. ஏழாம் எண்: ஒரு நிமிடம் பத்து விநாடி, சட்டை கிழிந்தது. ஐந்தாம் எண், ஆவுடையம்மாள் வீடு: ஏறினார், ஒரு காலை உள்ளே போட்டார், அத்தோடு நின்றுவிட்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நான்கு நிமிடம் கடந்தபோது ஆவுடையம்மாள் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். மதில்மேல் இன்ஸ்பெக்டரையும் கீழே கடிகாரத்தோடு என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன் அண்ணாச்சி, கேட்டு தெறந்துதான கெடக்கு?”

குடியிருப்பில் எந்த வீட்டு கேட்டும் பூட்டப்படுவதில்லை என்பது அப்போதுதான் என் கவனத்துக்கு வந்தது. மதில் விவரங்கள் எல்லாம் வீண். ஆனாலும் எழுதி வைத்திருக்கிறேன். பியூலா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள். பிறகு ஒன்று கேட்டாள். பத்தொன்பதாம் எண் நாய் தபால்காரரைக்கூடக் கடிக்கப் போகிறது. பூத்திருடனைப் பார்த்து ஏன் ஒரு நாளும் குரைக்கவில்லை?

தெரிந்தவர்களைப் பார்த்து நாய் குரைக்காது. இது எனக்கும் தெரியும்.

செயலாளரை இறக்க ஏணி கொண்டுவர வேண்டியதாயிற்று. காயத்துக்கு மருந்து போட்டுவிட்டேன். முதலுதவி எங்களுக்குப் பள்ளியிலேயே கற்றுக்கொடுத்தார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

நாய், சேறு, தெருவிளக்கு, பூக்கும் நேரம், கால்வாயில் தண்ணீர் வந்த தேதி. எல்லாவற்றையும் பியூலா கணினியில் ஏற்றினாள். நான் படித்துச் சொன்னேன். ‘சுமார்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

ஜூன் 18, புதன்

புதிய படம் வந்துவிட்டது. பாலத்தில் சிவப்பு இல்லை. பச்சைகூட இல்லை. பேச்சித்தாய் சுத்தமானவள்.

ஆனால் படம் முழுக்கப் பொரி சிதறினாற்போல் இருக்கிறது. பியூலா சொன்னாள்: இந்தக் கணக்கு ஒரே ஆள்தான் திருடுகிறான் என்று நினைத்துக்கொண்டு செய்வது. ஒரே ஆளாக இருந்தால் சிவப்பு ஓரிடத்தில் கூட வேண்டும். இது கூடவில்லை. ஆகவே பூவின் வகை, நேரம், வழி என்று பிரித்துப் பிரித்துப் போட்டுப் பார்த்தாளாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டின் மேல் போய் நிற்கிறது. தண்ணீர் வந்த பிறகு, பாலம் ஏறிப் போன சிலரைத் தவிர, வடகரைப் பூவை வடகரைக்காரர்களும் தென்கரைப் பூவைத் தென்கரைக்காரர்களும் எடுத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வீட்டில் பதினெட்டு வீடு சிவப்பு.

அந்தப் பதினெட்டில் ஒன்று நான்காம் எண்.

அதற்கான குறிப்பையும் அவள் வாசித்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. “தண்ணீர் வருவதற்கு முன் பின்பக்கமாகக் கால்வாயைக் கடந்து வடகரை. வந்த பிறகு மேற்குத் தெரு. நேரம் ஐந்து நாற்பதிலிருந்து ஆறு பத்து. நாய் உள்ள வீட்டைத் தவிர்ப்பவர். சேற்றை மிதிக்காதவர். ஏழடி உயரத்துக் கிளையை எட்ட ஏதோ கொக்கி வைத்திருப்பவர். பதினொன்று, பன்னிரண்டு தேதிகளில் செயல்படவில்லை; உடல்நலக் குறைவாக இருக்கலாம்.”

பாளையங்கோட்டையில் பாதிப் பெண்களுக்கு இது பொருந்தும் என்று சொன்னேன். பொருந்தும் ஆன்ட்டி என்று ஒப்புக்கொண்டாள்.

ஜூன் 19, வியாழன்

கணினியில் கோளாறு இருக்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

விவரங்களை ஆரம்பத்திலிருந்து சரிபார்த்தேன். பிழை எதுவும் இல்லை. எல்லாம் என் கையெழுத்து.

சுவாமிக்குப் பூப் பறிப்பதைத் திருட்டு என்று சொல்லலாமா? அப்படிச் சொல்லக்கூடாது என்பதே என் நெடுநாள் கருத்து. மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளை தெருவுக்குச் சொந்தம். பூ சாயங்காலம் வாடிவிடப் போகிறது. பறித்தவருக்குப் புண்ணியம் என்றால் செடி வைத்தவருக்கும் அதில் பங்கு உண்டு. இதையெல்லாம் எழுதிப் பார்த்தபோது திருப்தியாகத்தான் இருந்தது. பிறகு, என் செம்பருத்திக்கும் இதே நியாயம் பொருந்துமா என்று பார்த்தேன்.

பொருந்தவில்லை. என் செம்பருத்தியை எடுத்தது திருட்டு.

ஜூன் 21, சனி

செயலாளர் தீர்மானத்தைக் காட்ட வந்தார். “பூக்கள் களவு போவதைத் தடுக்கும் பொருட்டு, மதகடியில் பூ விற்பவரை அப்புறப்படுத்துவது.” ‘பொருட்டு’ என்பதை ‘பொறுட்டு’ என்று எழுதியிருந்தார். திருத்திக் கொடுத்தேன். புதிய படத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

நான்காம் எண்ணை அழித்துவிட்டு மற்ற பதினேழையும் காட்டலாமா என்று நினைத்துப் பார்த்தேன். பியூலாவிடம் கேட்டால் அழித்துத் தருவாள். கணினியில் அது ஒரு நொடி வேலை.

பள்ளியில் தேசப்படம் வரையும்போது இலங்கையைப் போட மறந்தால் படமே செல்லாது என்பார்கள். சின்ன இடம்தானே என்று சொல்ல முடியாது.

பேச்சித்தாய் இன்று பாலத்தில் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

கூட்டம் காலை ஆறரைக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில். எங்கள் சங்கக் கூட்டங்கள் எல்லாமே நடை முடிந்த கையோடுதான். வெயில் ஏறிவிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். ஆகவே எல்லோரும் நடைச் செருப்போடும், கையில் துணிப்பை அல்லது நெகிழிப்பையோடும் வந்திருந்தார்கள். எல்லாப் பையும் மடியில் இருந்தது. செயலாளரின் பை மட்டும் நாற்காலிக்கு அடியில்.

பேச்சித்தாய் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். கூடை இல்லை.

செயலாளர் தீர்மானத்தை வாசித்து முடித்ததும் கை தூக்கச் சொன்னார். கைகள் மேலே போக ஆரம்பித்தன. நான் எழுந்தேன். படச்சுருளோடு மேசைக்குப் போனேன்.

முதல் படம் தவறு என்றும், அது தவறு என்று தெரியாமல் அதைக் காட்டியவள் நான்தான் என்றும் சொன்னேன். இந்த வாக்கியத்தை நேற்று எட்டு முறை சொல்லிப் பழகியிருந்தேன். புதிய படத்தை மேசையில் விரித்தேன். பதினெட்டு சிவப்பு. யார் யார் வீடு என்று பார்க்கப் பத்துப் பேர் குனிந்தார்கள், குனிந்தவர்கள் உடனே நிமிர்ந்துவிட்டார்கள்.

“முதல் சிவப்பு நாலாம் நம்பர். அது எங்க வீடு” என்று சொல்லிவிட்டு என் பையை மேசைமேல் கவிழ்த்தேன்.

நந்தியாவட்டை ஆறு. செவ்வரளி இரண்டு. பவழமல்லி ஒரு கை.

  ஆவுடையம்மாள் குனிந்து பார்த்து, “மதினி, அது எங்க வீட்டு நந்தியாவட்டைல்லா” என்றாள். ஆமாம் என்றேன். அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் தன் முந்தானையை அவிழ்த்து, அதே மேசையில் ஒரு குவியல் சங்குப்பூவைக் கொட்டினாள். “அந்தச் சிவப்புல நானும் உண்டு” என்றாள். சங்குப்பூ பதினொன்றாம் எண்காரருடையது. பதினொன்றாம் எண்காரர் எழுந்து பதினேழாம் எண்ணின் பவழமல்லியைக் கொட்டினார். பதினேழாம் எண்காரர், தன் பூவுக்கு எண்ணிக்கை தெரியாதவர், ஒன்பதாம் எண்ணின் அரளியை எண்ணியே வைத்திருந்தார், இருபத்து நான்கு.

மேசை நிறைந்துவிட்டது. கோவில் மண்டகப்படிபோல் இருந்தது.

செயலாளர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தோம். நாற்காலிக்கு அடியிலிருந்து பையை எடுத்தார். முதலில் எருக்கு. பிறகு, கொஞ்சம் தயங்கி, அடுக்குச் செம்பருத்தி. பத்து.

“பிள்ளையாருக்கு உங்க வீட்டுப் பூவு வச்சாத்தான் நல்லா எடுப்பா இருக்கு மேடம். கேக்க ஒரு கூச்சம்.”

இரண்டரை வாரமாக என் வீட்டில் காபி குடித்தவர். வாயைத் திறந்து கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் யாரோ பேச்சித்தாயின் ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தார்கள். அவள் இருந்த இடத்திலிருந்தே மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதில் எதுவும் புதிதாகப் பட்டதாகத் தெரியவில்லை. உனக்கு இது முன்பே தெரியுமா என்று செயலாளர் தன் பழைய உத்தியோகக் குரலில் கேட்டார்.

“நாலரைக்கே வந்து உக்காருதேன். எல்லாரும் என்னயத் தாண்டித்தான போறிய. யாரு எங்க பறிக்கியன்னு எனக்குத் தெரியாதா? என்ட்ட ஆரு கேட்டா? கம்ப்யூட்டர்ட்டல்லா கேட்டிய.”

பியூலா தன் நோட்டில் இதை எழுதிக்கொண்டாள்.

தீர்மானம் கைவிடப்பட்டது. பேச்சித்தாய் பழையபடி மதகடியில் இருக்கலாம் என்று செயலாளர் அறிவித்தார். வேண்டாம் என்றாள் பேச்சித்தாய். பன்னிரண்டு நாளாகத் தன் கூடையை எட்டிப் பார்த்தவர்கள் முகத்தில் இனி விழிக்கப் பிடிக்கவில்லையாம். பஸ் நிலையத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பிறகு எல்லோரும் அவரவர் பூவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். பறித்த சிரமம் இல்லாமல் என் பத்து செம்பருத்தி எனக்குக் கிடைத்தன. பூசை செய்ய மனம் வரவில்லை. விளக்கு மட்டும் ஏற்றினேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஆட்டோ பிடித்துப் பஸ் நிலையம் போனேன். பேச்சித்தாய் கழிவறைச் சுவர் ஓரமாக, வெயிலில் உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே இருந்த நாலு பூக்காரிகள் நிழலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மன்னிப்பு என்ற சொல்லைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். சொன்னேன். அவள் நாரைக் கடித்துக்கொண்டே, “செத்த நேரம் நிழல விலக்காம நில்லுங்க ஆச்சி” என்றாள். அங்கே நிழலே கிடையாது. என் நிழல்தான் அவள்மேல் விழுந்துகொண்டிருந்தது, அதைத்தான் விலகவிடாமல் நிற்கச் சொல்கிறாள் என்று புரியச் சிறிது நேரம் ஆயிற்று. நின்றேன். இரண்டு முழம் கட்டி முடிக்கும்வரை நின்றேன்.

பிறகு பேசினாள். மதகடியும் அப்படி ஒன்றும் சொர்க்கம் இல்லையாம். தண்ணீர் விட்டால் தெறிக்கும். ஏழு மணிக்கு வெயில் கண்ணில் குத்தும். ஆனி மாதத்தில் மேல்காற்று பூவை எல்லாம் வாரிக்கொண்டு போகும். பதினெட்டு வருடமாக இதை யாரும் கேட்டதில்லையாம்.

நான் கேட்டேன். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன்.

ஜூன் 25, புதன்

பியூலா விடுப்பு எடுத்தாள். திருடனைத் தேடிய அதே விவரங்கள். இந்தத் தடவை கேள்வியை மாற்றினோம்: காலை ஒன்பதுவரை நிழல், மேல்காற்றுக்கு மறைவு, மழைத் தண்ணீர் தேங்காத மேடு, நடைக்குப் போகிறவர்களில் அதிகம் பேர் கடக்கும் இடம். எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் எது?

சிவப்பு ஒரே இடத்தில் கூடிற்று. சிதறவே இல்லை.

பியூலா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஆன்ட்டி, இது உங்க கேட்” என்றாள்.

கால்வாய்ப் படத்தை வைத்து மட்டங்களை மூன்று முறை சரிபார்த்தேன். எண்கள் சரியாக இருந்தன.

ஜூன் 27, வெள்ளி

பேச்சித்தாயை நேற்றே அழைத்துவந்து இடத்தைக் காட்டினேன். மதிலுக்கு வெளியே மாநகராட்சி நிலம் இரண்டடி. எது என் எல்லை, எது பொது எல்லை என்று சுண்ணாம்புக் கட்டியால் நேர்கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று விளக்கினேன். சரி ஆச்சி என்றாள்.

இன்று ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தபோது அவள் வந்துவிட்டிருந்தாள். கேட்டின் உள்வாங்கலில், நிழல் நன்றாக விழும் இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சாக்கு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றரை அடி வந்திருந்தது. ஒன்றரை அடியும் என் பட்டா நிலம். சங்கம் இனி எத்தனை தீர்மானம் போட்டாலும் அங்கிருந்து அவளை ஒருவரும் எழுப்ப முடியாது.

அனுமதி கேட்கவில்லை. நானும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.